அம்மாவின் சீட்டு மேசை

அந்த மேசையை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டுதான் வரும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரைவிட்டு வந்து குடியேறிய சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில், பதினாலாம் மாடியில், ஒரு கூடமும் ஓர் அறையும் உள்ள வீடு. பத்து வயதுக்காரி நான் நிலத்தில் குப்புறக் கிடந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். மேசை மட்டும் பெட்சீற்றைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் மகாராணிபோல நிற்கும்.

பக்கத்துப் பாலத்துக்கு அங்கால், பணக்காரர் இருக்கும் பகுதியில், ஒரு பெரிய வீட்டில் அம்மா துப்புரவு வேலை செய்தார். அந்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவி வீட்டை விற்றுப் போகும்போது கொடுத்தது இது. இங்கிலாந்தில் செய்த பழைய சீட்டாட்ட மேசை. கருஞ்சிவப்பு மரம், விளிம்பெல்லாம் தங்கமுலாம் பூசிய கொடிவேலை. மடித்த பலகையை விரித்தால் உள்ளே பச்சைத் துணி. அதில் வைத்துப் படிக்கிறேனே என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! பேனை பட்டால் பழுதாகிவிடுமாம். பெரிய பவுண் மேசை!

ஒரு ஞாயிறு பின்னேரம் அம்மாவின் தம்பி, என் மாமா, இரண்டு கூட்டாளிகளோடு முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாட வந்தார்; அதற்கு நாலு பேர் வேண்டும். நாலாவது ஆளைத் திடீரென்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அக்கா, நீங்கள் ஒரு கை போடுங்கோவன்" என்றார் மாமா.

அம்மா பெட்சீற்றை உருவி எறிந்துவிட்டு மேசையை விரித்தார். எனக்கு விசர் பிடித்தது. படிப்புக்குத் தராத மேசையைச் சீட்டுக்குத் தருவதோ? அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. முழங்கையை ஊன்றிக்கொண்டு மாமாவை நக்கலடித்தார், துணிந்து பெரிய புள்ளிக்கு ஏலம் கேட்டார், தான் தெரிந்த துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அது என்ன சீட்டென்று வேறு ஒருவருக்கும் தெரியக்கூடாது, அதுதான் ஆட்டமே. நான் நேரே போய் அதைத் தூக்கித் திருப்பிப் போட்டேன்.

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அதற்கு முன் அம்மா என்னை அடித்ததேயில்லை.

"அஞ்சு வருசமா அந்தக் கிழவி வீட்டில உந்த மேசையைத் துடைச்சனான். இண்டைக்குத்தானடி உதில கதிரையைப் போட்டு இருக்கிறன்!"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏன், அங்கயே இருந்து விளையாடியிருக்கலாம்தானே? ஆர் மறிச்சது?" என்று கத்தினேன்.

மாமா தன் கைச்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நான் திருப்பிப் போட்ட சீட்டை எடுத்து மறுபடி கவிழ்த்து வைத்தார். நான்தான் வென்றேன் என்று நினைத்து, அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன்.