கரையில்லாத வெள்ளைத் துணி

1981 மே 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். அடிகுழாயில் நான்கு குடம் தண்ணீர் அடித்தேன். மில்லில் வார விடுமுறை செவ்வாய்க்கிழமை என்பதால் அப்பா ஆறரைக்கே சைக்கிளில் கிளம்பிவிட்டார். ஏழே காலுக்கு இட்லியும் தக்காளிச் சட்டினியும். எட்டு மணிக்கு அத்தை துணி துவைத்து முற்றத்துக் கொடியில் காயப்போட்டாள்.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. மில்லில் கொடுத்த டைரியை அப்பா தொடவே இல்லை என்பதால் அந்த வருஷம் அது எனக்கு வந்தது. எனக்குப் பத்து வயது. அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை ஒரு நாளும் தவறவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறவள் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு நான் தகுதியில்லாதவள் என்பதற்குச் சான்றும் அதே டைரியில், அதே பக்கத்தில், ஏழாவது வரியில் இருக்கிறது.

விளாங்குடியில் எங்கள் வீட்டில் அப்போது அப்பா, அம்மா, அக்கா, நான், அப்பாவின் அக்காவான அத்தை என ஐந்து பேர். அத்தைக்கு நாற்பது வயதிருக்கும். இருபத்து மூன்று வயதில் கணவனை இழந்து வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு துக்கமாக நான் நினைத்ததில்லை. அப்பாவுக்குக் காக்கிச் சட்டை, எனக்குப் பள்ளிக்கூடத்துப் பாவாடை, அத்தைக்கு வெள்ளைச் சேலை. விசேஷ நாட்களில் அவள் பூக்கட்டுவாள், வைத்துவிடமாட்டாள். கோலமாவு அரைப்பாள், கோலம் போடமாட்டாள். தண்டவாளத்தைப் பார்த்துக் கடக்க வேண்டும் என்பதுபோல இவையும் ஏதோ விதிகள் என்று இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்து இரண்டு இடங்களுக்கு அனுப்பினார்கள். படத்தைத் திருத்துகிறவர் பென்சிலை வைத்து அக்காவை அப்படி வெளுக்க வைத்திருந்தார். முதல் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, காப்பித் தட்டோடு அக்கா எதிரில் நிற்க, மாப்பிள்ளையின் தாயார், “சரி, பொண்ணக் கூப்புடுங்க” என்றார். இரண்டாவது வீட்டார் அப்படிக் கேட்கவில்லை. படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோனார்கள். அக்கா அதன்பின் இரண்டு நாள் கண்ணாடியே பார்க்கவில்லை.

இதில் அதிகம் கொதித்தவர் மாமா. அம்மாவின் தம்பி. ஆரப்பாளையத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். “அவ நெறம் என்னவோ அப்படியே இருக்கட்டும். வெளிச்சம் ஒழுங்கா விழுந்தா அம்புட்டு அழகு அவ. வெளியில வச்சு நான் எடுக்குறேன்” என்றார். அம்மாவின் அக்காவான பெரியம்மா கொண்டுவந்திருந்த மூன்றாவது வரனுக்கு அந்தப் படத்தைக் கொடுப்பதாகப் பேச்சு. திங்கட்கிழமை பெரியம்மா கையில் படம் இருக்க வேண்டும்.

சிக்கல் வெயில்தான். ஸ்டுடியோ கேமரா ஞாயிறு காலை முகூர்த்தம் முடிந்த பிறகுதான் மாமா கைக்கு வரும். ஒரு மணிக்குள் திருப்பி வைத்துவிட வேண்டும். மே மாதத்து உச்சி வெயிலில் நிற்கிறவர்களின் கண்கள் இரண்டு குழிகளாகத் தெரியும். மூக்குக்குக் கீழே நிழல் மீசை போல விழும். “கஞ்சி வடிக்கிற மாதிரி வெயில வடிக்கணும்டி. காசு செலவில்லாம வடிக்கணும்” என்றார் மாமா.

அதற்கு முந்தைய வாரம் முழுவதும் அதுதான் எங்கள் வேலை. மூங்கில் பிளாச்சுகள் நான்கை ஆறடிக்கு நாலடியாக வைத்து, பழைய சைக்கிள் டியூபை வாராக வெட்டி மூலைகளைக் கட்டினோம். அந்தச் சட்டத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். சோதனைக்கு முகம் என்னுடையது. முடிவுகளை எழுதி வைத்திருக்கிறேன். கொசுவலை: வெயில் அப்படியே இறங்கியது. பட்டர் பேப்பர்: காற்றில் கிழிந்தது. யூரியா சாக்கு: அதில் அச்சடித்திருந்த எழுத்து என் கன்னத்தில் நிழலாக விழுந்தது. “பேசாம இவள உரக்கடைக்கு வித்துரலாம்” என்றார் மாமா. கடைசியில் மாமாவின் வேட்டி என்று முடிவானது.

ஞாயிறு பதினொன்றே காலுக்கு மாமா கேமராவோடு வந்தார். பிலிம் சுருளில் நான்கு படங்களே மிச்சம். அக்கா மாம்பழ நிறச் சேலையில் முருங்கை மரத்துக்கு அருகே வந்து நின்றாள். தலையில் இருந்த மல்லிகை அத்தை கட்டியது, அம்மா வைத்துவிட்டது. அத்தை அடுக்களையை விட்டு வரவில்லை. சட்டத்தின் ஒரு முனையை மரக்கிளையில் கட்டினோம். மறுமுனையை, கவிழ்த்த அண்டாவின் மேல் ஏறி நின்று நான் தூக்கிப் பிடித்தேன்.

வேட்டி ஏமாற்றிவிட்டது. அதற்கு முந்தைய நாள் அதற்குக் கஞ்சி போட்டிருந்தார்கள். துணி விறைத்து, அக்கா முகம் இருண்டு போனது. பச்சைக் கரை வேறு நெற்றியில் கோடு போட்டது. மாமா கேமராவிலிருந்து தலையை எடுக்காமலே கத்தினார்.

“மெல்லிசா, கரையில்லாம, வெள்ளையா ஒரு துணி கொண்டாடி! ஓடு, மணியாகுது!”

நான் அண்டாவிலிருந்து குதித்தேன். கொடியில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷம் துவைத்துத் துவைத்து வெங்காயத் தோல்போல ஆகிவிட்ட அத்தையின் சேலை. யாரையும் கேட்கவில்லை. உருவிக்கொண்டு வந்தேன். மாமா அவசரமாக வேட்டியை அவிழ்த்துவிட்டு, சேலையை மூன்றாக மடித்துச் சட்டத்தில் கட்டினார்.

“யாருதுடி இது?”

“கொடியில கெடந்துச்சு மாமா.”

அவர் மேலே கேட்கவில்லை. அண்டாவில் ஏறிப் பிடித்தேன். அப்போது விழுந்த வெளிச்சத்தை இன்றும் என்னால் சொல்ல முடியும். கண்ணின் குழிகள் மறைந்தன. மீசை நிழல் கரைந்தது. அக்காவின் நிறம் அவள் நிறமாகவே இருந்தது, பாலில் போட்ட கருப்பட்டிபோல. அவள் ஒருமுறை தலையைச் சற்றே தூக்கித் துணியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மாமா ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்தார்.

நான்காவது படத்துக்கு முன் பெரியம்மா வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“அடியே! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக! நல்ல காரியத்துக்குப் படம் புடிக்கிற புள்ள தலைக்கு மேல வெள்ளச் சேலையவா விரிப்பீக?”

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். மேலே பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து என் கை தளர்ந்தது. சட்டம் சாய்ந்து, சேலை அக்காவின் தோளில் விழுந்தது. அது இன்னும் மோசமாகிப் போனது.

“யாருடா எடுத்தது இத?” என்றாள் பெரியம்மா.

“எக்கா, அது வெறும் துணிதானக்கா. வெயிலுக்கு மறைப்பு” என்றார் மாமா.

“வாயக் கழுவுடா! யாரு எடுத்தான்னு கேக்குறேன்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் கால் விரல்களைப் பார்த்தேன். அண்டாவின் அடிப்பகுதி சுட்டது. சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது.

“நாந்தேன் குடுத்தேன்.”

அடுக்களை வாசலில் அத்தை நின்றிருந்தாள். கையெல்லாம் மாவு. “வெயில மறைக்கத்தானேன்னு குடுத்துட்டேன். யோசிக்கல.”

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்குமா தெரியாமப் போச்சு, மதினி?” என்று மட்டும் கேட்டாள். குரல்கூட உயரவில்லை. பெரியம்மா திட்டியது ஒன்றும் எனக்கு நினைவில்லை. இந்த ஒரு கேள்வி நினைவிருக்கிறது.

அத்தை வந்து அக்காவின் தோளைத் தொடாமல், முந்தானையின் நுனியைப் பிடித்துச் சேலையை இழுத்துக்கொண்டாள். என்னைக் கடந்துபோகும்போது, “எறங்குடி, கால் பொசுங்கப்போகுது” என்றாள்.

எனக்கு அவளுடைய செய்கை புரியவில்லை. அத்தைக்கு ஞாபகமறதி, உண்மையாகவே தான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டாள் போலும் என்றுதான் அன்று நம்ப விரும்பினேன். மாலையில் டைரியை எடுத்து ஏழாவது வரியில் எழுதினேன்: ‘அத்தை தன் சேலையைக் கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கோபம்.’ மற்ற வரிகள் எல்லாம் சரியானவை.

பெரியம்மா புதுப் படத்தைத் தொட மறுத்து, பழைய ஸ்டுடியோ படத்தையே கொண்டுபோனாள். மூன்றாவது வீட்டாரும் வந்து, பார்த்து, போய்விட்டார்கள். அதற்குப் பென்சில்காரரை ஒருவரும் குறை சொல்லவில்லை. “அன்னைக்கு அந்தச் சேலை விழுந்துச்சுல்ல” என்பதே பெரியம்மா கண்ட காரணம். இரண்டு வருஷம் கழித்து, படமே கேட்காத ஓர் இடத்தில் அக்காவுக்கு முடிந்தது. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் அத்தை, சோழவந்தான் பக்கம் இருந்த தன் கொழுந்தனார் வீட்டுக்குப் போனாள். போகச் சொன்னவர்கள் யாருமில்லை. இருக்கச் சொன்னவர்களும் யாருமில்லை. அங்கேயே காலமானாள்.

மாமா அந்த மூன்று படங்களையும் கழுவி, ஒன்றை அக்காவுக்கு ரகசியமாகக் கொடுத்திருந்தார். அக்கா அதை எனக்குக் காட்டியபோது எனக்கு முப்பது வயது. “மேல பாத்தேன், அத்தை சேலைன்னு தெரிஞ்சுச்சு. அவுக பக்கத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் சிரிச்சேன்” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். படம் நன்றாக இருக்கிறது என்றேன். அத்தையின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அவளை யாரும் எடுக்கவில்லை. அக்காவின் முகத்தில் விழுந்திருக்கும் வெளிச்சம்தான் அவளுடையதாக மிச்சமிருப்பது.

மே 18, திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு அத்தை என்னை எழுப்பினாள். மாமாவின் சட்டத்திலிருந்து டியூப் வார்களை அவிழ்த்து வைத்திருந்தாள். குளியலறைக்குப் பின்னால், மதிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் ஒரு கயிற்றைக் கட்ட வேண்டும் என்றாள்.

“அங்க வெயிலே வராதே அத்தை.”

“மெதுவாக் காயும். எனக்கென்ன அவசரம்?”

அத்தைக்கு என்மேல் கோபமில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அவள் கல்லால் தட்ட, விரலில் படாமல் நான் ஆணியைப் பிடித்துக்கொண்டேன். வாரை இரண்டு சுற்றுச் சுற்றி, தன் சேலைக்கென்று தனிக்கொடியை அவள் இறுக்கிக் கட்டினாள். கட்டியதும் இழுத்துப் பார்த்துவிட்டு, நன்றாகப் பிடித்தாய் என்று என் தலையைத் தடவினாள். நாட்குறிப்பில் அன்றைய முதல் வரி அதுதான்.