பிடரியில் ஒட்டிய நம்பர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இருபது வருடமாக டெல்லியில் கார் வேலை பார்க்கிறேன், கிரீஸும் பெட்ரோலும்தான் எனக்குத் தெரியும். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, வெளியே சொன்னாலாவது அந்த அருவருப்பு கையை விட்டுப் போகுமா என்றுதான் சொல்கிறேன்.

கார் திருடு போனால் அடையாளம் காண, பாகங்களின் மேல் ஒரு பசையைப் பீய்ச்சுவோம். அதில் மணலைவிடச் சின்னப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒவ்வொன்றிலும் அந்தக் காரின் நம்பர் இருக்கும். நீல டார்ச் அடித்தால் மின்னும், லென்ஸ் வைத்தால் படிக்கலாம். ஜனக்புரியில் ராமநாதன் சார், பேங்கில் ரிட்டையர் ஆனவர், அவர் காருக்கு நான்தான் அடித்தேன். கூட நின்று உதவியவன் அவருடைய டிரைவர் செல்வம். நம் ஊர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் வளர்ந்தவன், கேம்ப்பை இடித்த பிறகு ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போனவன். வலது சுண்டுவிரல் எப்போதோ கதவில் நசுங்கி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். பசை அந்தக் கை முழுக்க அப்பிக்கொண்டது.

“அண்ணே, இது போவுமா?”

“தோல் உரிஞ்சா போயிடும். அதுவரைக்கும் உன்னைய யாரும் திருட முடியாது.”

சிரித்தான். இரண்டு மாதத்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். காரியத்துக்கு நானும் போயிருந்தேன்.

அடுத்த மாதம் சார் வீட்டு வாசலில் நின்ற கார் காணாமல் போனது. தரையில் ஒரு கண்ணாடிச் சில்லு இல்லை, யாருக்கும் சத்தமும் கேட்கவில்லை. டிரைவர் சாகும் முன்பே சாவிக்கு நகல் எடுத்து விற்றிருப்பான் என்று யாரோ சொல்ல, சாரும் நம்பி, செல்வத்தின் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஒரு குடோனில் பிரித்துப் போட்ட பாகங்கள் கிடைத்தன, அடையாளம் காட்ட வாருங்கள் என்று என்னையும் சாரையும் போலீஸ் கூப்பிட்டது. நல்ல பட்டப்பகல். உள்ளே நுழைந்ததும் பழைய ஆயிலும் செத்த எலியும் கலந்த நாற்றம் அடித்தது. பிடிபட்டவன் கழுத்தில் ஈரத் துண்டோடு தரையில் குந்தியிருந்தான். துண்டுக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே இருந்தான், அதே நகத்தால் பல்லும் குத்தினான்.

எஞ்சின், கதவு, கியர் பாக்ஸ் எல்லாவற்றிலும் டார்ச் அடித்தேன். ஆசிட் போட்டு வழித்திருந்தான், ஒரு புள்ளி கூட இல்லை. அலுத்துப்போய் டார்ச்சைத் திருப்பியபோது வெளிச்சம் அவன் கழுத்தில் பட்டது. துண்டுக்கு வெளியே ஏதோ மின்னியது.

போலீஸ்காரர் துண்டை உருவினார். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துப் பிடரி முழுக்கப் புண்ணாகி, சீழ் வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சீழுக்கு நடுவில் நீலமாக ஒரு கை. ஐந்து விரலும் பதிந்திருந்தன.

“பிரிக்கும்போது ஒட்டியிருக்கும்” என்றார் போலீஸ்காரர் ஹிந்தியில். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் பின்னால் நின்ற சார் என் சட்டையைப் பிடித்தார்.

“அந்தச் சுண்டுவிரலப் பாருங்கோ. இது நம்ம செல்வம் கை.” அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

லென்ஸ் வைத்துப் படித்தேன். சாரின் கார் நம்பர்தான்.

“பாயி ஸாப், யே கப் ஜாயேகா?” இது எப்போது போகும் என்று அவன் கெஞ்சலாகக் கேட்டான். தோல் உரிந்தால் போகும் என்றேன். மூன்று தடவை உரிந்துவிட்டது என்றான். யாரும் கேட்காமலே மற்றதையும் சொன்னான். சாவியெல்லாம் இல்லை, கார் பூட்டை ஏமாற்றும் ஒரு மெஷினை வைத்துத்தான் திறந்தானாம். வண்டியைக் கிளப்பியதும் பின் சீட்டிலிருந்து யாரோ பிடரியில் கை வைத்தார்களாம், திரும்பினால் ஆள் இல்லையாம்.

சாயங்காலமே சார் நரேலாவுக்குப் போய்ச் செல்வத்தின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை நான் சாரிடம் கூடச் சொல்லவில்லை. அந்தப் பசை ஒரு மணி நேரத்தில் காய்ந்து கல் மாதிரி ஆகிவிடும். லென்ஸைப் பிடித்தபோது என் விரல் அவன் கழுத்தில் பட்டது, எடுத்தேன், நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. சீழ் இல்லை, அந்தப் பசையின் வாசனை எனக்குத் தெரியும். அப்போதுதான் அடித்த மாதிரி ஈரமாக இருந்தது.