இருநூறு லென்ஸா, முந்நூறு லென்ஸா

பறவைகளைப் படம் எடுக்க ஒரு ஜூம் லென்ஸ் தேடி, இன்று ஸ்கூடாயில் பழைய கேமரா விற்கும் கடைக்குப் போனேன். என் பட்ஜெட்டுக்குள் இரண்டுதான் இருந்தன. ஒன்று இருநூறு மில்லிமீட்டர், இன்னொன்று முந்நூறு.

என் கணவர் காரை விட்டு இறங்கவில்லை. "இருநூறே போதும்லா" என்று சொல்லி அனுப்பினார்.

கடைக்காரர், "மாடி ஜன்னல்ல நின்னு ரெண்டையும் மாட்டிப் பாருங்கக்கா" என்றார்.

இருநூறில் எதிர்ப்பக்கச் சாப்பாட்டுக்கடை தெரிந்தது. அங்கே நீலச் சட்டையில் ஒருவர், என் கணவரைப் போலவே. முந்நூறை மாட்டினேன். அவரேதான். கையில் சீனி தூக்கலான பால் டீ, தே தாரிக். போன வாரம்தான் டாக்டர் அவரைச் சீனியே தொடக்கூடாது என்றிருந்தார்.

போன் செய்தேன். "எங்கங்க இருக்கீங்க?"

"கார்லதான்மா. சரியான வெயில்."

"மொதல்ல அந்த கிளாஸைக் கீழ வைங்க."

அவர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே அதைப் படம் எடுத்தேன். ஆனாலும் படம் துல்லியமாக வந்திருக்கிறது.

முந்நூறையே வாங்கிவிட்டேன்.

லென்ஸ் பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். கணவர்கள் மட்டும் கேட்க வேண்டாம்.