ஜட்காவிலிருந்து விழுந்த பிறகு

எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஜட்கா வண்டியிலிருந்து விழுந்தேன். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்த எங்கள் வீட்டுக்கு அம்மாவோடு திரும்பிக்கொண்டிருந்தேன். சக்கரம் ஒரு குழியில் இறங்கி வண்டி சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் சாலையோரக் கல்லில் தலை மோத விழுந்தேன். இதெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்தது. எனக்கு நினைவிருப்பது வாந்தியும், காயத்தில் வைத்து அழுத்தியிருந்த காப்பித்தூளின் வாசனையும்தான். காயம் ஆறியதும் பள்ளிக்கூடம் போனேன். பேச்சு அதோடு முடிந்தது.

நான் பெரியவளான வருஷம் முதல் முறையாக அது வந்தது. கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கைகள் வேறு யாருடையவோ போலத் தெரிந்தன. அவை பாட்டுக்குத் துணியைக் கசக்கின. நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வலியில்லை, பயம்கூட இல்லை. அம்மா கூப்பிட்ட குரல் அடுத்த தெருவிலிருந்து வருவது போலிருந்தது.

"கூப்பிடக் கூப்பிட என்னடி திமிரு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

கல்யாணத்துக்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. சரியாகத் தூங்காத நாட்களில் கட்டாயம் வரும். இரண்டாவது உலகச் சண்டைக்காலம், கணவருக்கு ராணுவக் கிடங்கில் குமாஸ்தா வேலை, வீடு திரும்ப நேரமாகும். மாமியார் என்னைக் கோவிலுக்கு அழைத்துப்போய், சாமியாரிடம் மந்திரித்த எண்ணெய் வாங்கி நெற்றியில் தடவினார். "பிரமை புடிச்சாப்ல நிக்குது சாமி" என்று அவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு நாள் காலை, கணவரின் சட்டைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. தத்தித் தத்தி வந்த என் மகன் அதன்மேல் கையை வைக்கப் போனான். பார்த்தேன். சுடும் என்று தெரிந்தது. யாராவது அவனைத் தூக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த யாராவது நான்தான் என்று தோன்றவில்லை.

அவன் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா ஓடிவந்து அவனை வாரியெடுத்தார். "ஏனாயித்தம்மா நிமகே?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். என்ன ஆயிற்று என்று எனக்கும் தெரியவில்லை.

"பெத்தவதானா நீ?" என்றார் கணவர். அப்புறம் பல நாள் என்னோடு பேசவில்லை.

பேசாமலேயே ஒரு நாள் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் முந்தைய சண்டையில் பட்டாளத்தோடு போய் வந்த வயசாளி. நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். முதன்முறையாக ஒருவர் முழுதாகக் கேட்டார்.

"சின்ன வயசுல தலைல அடிபட்டுதாம்மா?"

ஜட்காவைச் சொன்னேன்.

"தலைல அடிபட்ட சிப்பாய்ங்க சில பேர் இதே மாதிரி சொல்லிக் கேட்டிருக்கேன். அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அடிபடாதவங்களுக்கும் வருது. ஆனா இது திமிரும் இல்ல, பேயும் இல்ல." கணவரைப் பார்த்து, "இவங்களத் தூங்க விடுங்க" என்றார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அது எந்தக் காலத்துக் கதை! அப்புறம் நல்லாத்தானே இருந்தே?" என்றாள். அந்தக் கல்தான் காரணமா என்று இன்றுவரை எனக்கும் தெரியாது.

வீட்டில் சில பழக்கங்கள் மாறின. பெட்டி போடும் வேலையைக் கணவரே எடுத்துக்கொண்டார். இராத்திரி பிள்ளை அழுதால் மாமியார் முனகிக்கொண்டே எழுந்தார். மகனின் உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்ததென்று கேட்டான், சொல்லியிருக்கிறேன்.

இப்போதும் வருகிறது. வருவது தெரிந்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். "வந்துடுச்சா?" என்று கேட்பார் கணவர். தலையாட்டுவேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் அலுப்புதான்.