செம்மநத்தம் கூட்டத்துக்கு நூற்றைம்பது நாற்காலி

லூர்துராஜ் அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. ஏற்காடு பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கும் காபித்தூள் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது அவருடைய ஸ்டுடியோ. மலையில் உள்ள ஊர்களில் முப்பது வருஷமாக நடந்த கல்யாணங்களில் பாதிக்காவது அவர் கேமராவோடு போயிருப்பார். கிறிஸ்தவ வீடுகளில் புதுநன்மை, மற்ற வீடுகளில் காதுகுத்து, சீர், எல்லாம் எடுப்பார். சாவு வீட்டுக்குப் போனால் போட்டோ மட்டும். அழுகிற முகத்தை வீடியோவாக எடுத்துக் கொடுத்தால் அந்த வீட்டில் பிறகு யாரும் தன்னை நல்ல காரியத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் கண்டுகொண்ட பாடம்.

ஆறு வருஷம் வெளியூர் வெளிநாடு என்று அலைந்துவிட்டு நான் ஜூலையில் திரும்பியிருந்தேன். மூன்றாவது வாரமே அடுத்த விசாவுக்குப் போட்டோ எடுக்க அவர் கடைக்குப் போனேன். எடுத்து முடித்தவர் காசு வாங்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இதுல எம்பேரு எங்கயாச்சும் இருக்குதான்னு பார்த்துச் சொல்லு கண்ணு. பாதிக்கு மேல இங்கிலீசா இருக்குது.”

அது எங்கள் தொகுதியில் ஜெயித்த எம்.எல்.ஏ. தாக்கல் செய்திருந்த தேர்தல் செலவுக் கணக்கின் நகல். முடிவு வந்து முப்பது நாளுக்குள் எல்லா வேட்பாளர்களும் இப்படி ஒன்று கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். பார்க்கிறவர்கள்தான் குறைவு. மேடை, மைக், ஜீப், துண்டு நோட்டீஸ், டீ என்று ஒவ்வொன்றும் எத்தனை, என்ன விலை என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. செம்மநத்தம் பொதுக்கூட்டம் என்ற வரிக்குக் கீழே யாரோ சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். நாற்காலி நூற்றைம்பது. வாகனம் நான்கு.

முழுக்கப் படித்தேன். அவர் பெயர் எங்கும் இல்லை. சொன்னதும் அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன். இல்லை.

“இருந்திருந்தாக்கூடத் தேவலைங்கற மாதிரி ஆயிப்போச்சு,” என்றார்.

தேர்தல் சமயத்தில் அவர் பதினெட்டு நாள் வீடியோ கண்காணிப்புக் குழுவில் கேமராமேனாக இருந்தார். ஒரு அதிகாரி, ஒரு போலீஸ்காரர், ஒரு டிரைவர், இவர். கூட்டம் நடக்கிற ஊருக்கு ஜீப்பில் போய், நாற்காலி, பேனர், வண்டிகள், மேடை எல்லாவற்றையும் எடுத்து வர வேண்டும். அதைப் போட்டுப் பார்த்து அலுவலகத்தில் ஒரு பதிவேட்டில் செலவைக் குறித்துக்கொள்வார்கள். வேட்பாளர் பிறகு கொடுக்கிற கணக்கை அதோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஆக, இவர் எடுத்த படத்தில் நாற்காலி எவ்வளவோ, செலவும் அவ்வளவு.

செம்மநத்தத்தில் அன்றைக்கு அறுநூறு நாற்காலிக்குக் குறையாமல் போட்டிருந்தார்கள் என்று மலை முழுக்கத் தெரியும். வண்டிகள் கோயில் திருப்பத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நின்றன. தோற்ற வேட்பாளருக்கு அந்த ஊரில் ஏஜென்டாக இருந்தவர் மாதேஸ்வரன். காபித் தோட்டமும் கொஞ்சம் மிளகும் வைத்திருப்பவர். சிவப்புக் கோடு அவர் போட்டதுதான்; அந்த நகலை ஸ்டுடியோவுக்குக் கொடுத்தனுப்பியதும் அவரே. நகலை வாங்கிப் படித்துவிட்டு, அன்றைக்கு வீடியோ எடுத்தது யார் என்று விசாரித்திருக்கிறார். அவருடைய மகள் சிவரஞ்சனிக்கு ஆவணியில் கல்யாணம். லூர்துராஜ் அண்ணனுக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை விட்டுவிட்டு, சேலத்திலிருந்து வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு வீடுகள் விலகிக்கொண்டன. மலைக் கல்யாணம் போனால் அவருக்கு மிஞ்சுவது பாஸ்போர்ட் போட்டோவும் ஜெராக்ஸும்தான்.

“நீங்க காசு வாங்குனீங்களாண்ணா?” என்று கேட்டேன்.

“இல்ல கண்ணு.”

கோபப்படவில்லை. எல்லைச் சாவடிகளில் வரிசையில் நின்று பழகியதில் எனக்கு ஒரு குணம் வந்திருக்கிறது. கேட்பதற்கு முன்னாலேயே பையைத் திறந்து காட்டுகிறவனைத்தான் நான் இரண்டாம் தடவை பார்ப்பேன். கண்ணாடி அலமாரியில் ஒரு புதுக் கேமரா இருந்தது. எப்போது வாங்கினீர்கள் என்றேன். பில்லையே எடுத்துக் காட்டினார். ஓட்டுப்போட்டு நான்காம் நாள். தேர்தல் கூலியும் பழைய கேமராவை விற்ற பணமும் சேர்த்து, மீதிக்குத் தவணை என்றார். எனக்குக் கணக்கு உதைத்தது. ஆனால் பில்லை மறைக்காமல் காட்டினாரே என்றும் இருந்தது. மறைக்காமல் காட்டியதாலேயே இன்னும் உதைத்தது.

படத்தைப் பார்க்கலாமா என்றேன். மெமரி கார்டை அன்றன்றைக்கு அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் எதை எடுத்தாலும் ஒரு பிரதி போட்டு வைத்துக்கொள்வது ஸ்டுடியோக்காரர்கள் வழக்கம். கல்யாண வீட்டில் டிவிடி தொலைந்துபோய் ஐந்து வருஷம் கழித்து வந்து நிற்பார்கள். செம்மநத்தம் இரண்டு பகுதியாக இருந்தது. முதல் பகுதியைக் கடையிலேயே போட்டார்.

அதிகாரியின் குரல் தேதியையும் ஊரையும் கட்சியையும் வேட்பாளர் பெயரையும் சொல்லி முடித்தது. அதற்குப் பிறகு நான் பார்த்தது ஒரு கல்யாண வீடியோ. குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற அம்மா. பல் இல்லாமல் சிரிக்கிற பெரியவர். மாலை, மாலை போடுகிற கை, மாலை வாங்குகிறவர் முகம். கேமரா பந்தலின் ஓரத்துக்குப் போகும், காலி நாற்காலிகள் வரத் தொடங்கும், உடனே விலகிவிடும். காலி நாற்காலி தெரிந்தால் கல்யாண வீட்டார் சண்டைக்கு வருவார்களாம். நிறுத்தியிருந்த வேன் ஒன்று மூலையில் தலையைக் காட்டியதும், வேன் மறைகிற மாதிரி இரண்டடி நகர்ந்து நின்றிருந்தார். முகூர்த்தத்தில் லாரி தெரியக் கூடாதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஒரு நான்கைந்து இடத்தில் கேமராவுக்குப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. “அண்ணா, இங்க எடுங்க, தலைவரு வர்றாரு.” “அண்ணா, இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்குதுங்க.” ஒவ்வொரு தடவையும் கேமரா சொன்ன பக்கம் திரும்பியது. ஒவ்வொரு தடவையும், அது விட்டு வந்த பக்கத்தில்தான் வண்டிகளோ நாற்காலிகளோ இருந்தன.

அது யார் குரல் என்றேன். தெரியாது என்றார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர்.

“கல்யாணத்துல பக்கத்துல யாராச்சும் நின்னுட்டு இங்க எடு அங்க எடும்பாங்க. மாமனா இருப்பான், மச்சானா இருப்பான். யாருன்னு கேட்டுட்டா இருக்க முடியும்? திரும்பிருவேன். கையி அதுவாத் திரும்பிரும் கண்ணு.”

அப்படியானால் அவரை யாரும் விலைக்கு வாங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கூப்பிட்ட பக்கம் திரும்பினார், அவ்வளவுதான். நம்பலாம் போலத்தான் இருந்தது. ஆனால் ஒரு பழக்கத்தை இவ்வளவு நேர்த்தியாக யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள் என்றால், அந்தப் பழக்கத்தைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னது? கேட்கவில்லை. இதை மாதேஸ்வரனிடம் காட்டிவிடலாம், காசு வாங்கியவர் இல்லை என்றாவது தெரியட்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நீயும் வா, படித்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் பேச்சு தடிக்காது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவர் ஸ்கூட்டரில் செம்மநத்தம் போனோம். மாதேஸ்வரன் எங்களை உள்ளே வரச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. லூர்துராஜ் அண்ணனே ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டு, டிவியில் பென் டிரைவைச் செருகினார். முதல் பகுதியை நிறுத்தி நிறுத்திக் காட்டி, குரல் வருகிற இடங்களை நான் சொன்னேன். மாதேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏனுங்க, அவன் திரும்புன்னா நீங்க திரும்பிருவீங்களா? கெணத்துல குதின்னா?” என்றார்.

“தப்புத்தானுங்க.”

“உங்க மாதா மேல சொல்லுங்க. காசு வாங்குனீங்களா இல்லையா?”

“மாதா மேல சொல்றேன். வாங்கலீங்க.”

அந்த ஒரு பதில் உண்மை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாதேஸ்வரனுக்கு அது போதவில்லை. இரண்டாம் பகுதியையும் போடச் சொன்னார். போட்ட ஒரு நிமிஷத்தில் அவருக்குப் போன் வந்தது. மிளகு வாங்குகிற வியாபாரி. சிக்னலுக்காக வாசலைத் தாண்டி வேலி வரைக்கும் போய்விட்டார்.

திரையில் ஆரத்தி எடுக்கிற பெண்கள் வரிசையாக நின்றார்கள். வேட்பாளர் ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் குனிந்தார். பின்னால் வந்தவர் தட்டில் மடித்த நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டே வந்தார். ஐந்தாவது தட்டை ஏந்தியிருந்த பெண் மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். அதே சமயம் அதே பெண், எங்களுக்குக் காபி டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பாவாயி. மாதேஸ்வரனின் மனைவி.

லூர்துராஜ் அண்ணனின் விரல் ரிமோட்டில் அழுந்தியது. படம் அப்படியே நின்றது.

“சேலை நொம்ப நல்லா விழுந்திருக்குதுங்க,” என்றார்.

பாவாயி டம்ளர்களைக் கீழே வைத்தாள். வாசலைப் பார்த்தாள். வேலியருகே மிளகு விலையைப் பற்றிச் சத்தமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“மொதல்ல அத நகத்துங்க. அன்னைக்கு நான் தலைச்சோலைல எங்கண்ணன் ஊட்டுல இருந்தேன்னு அவருகிட்டச் சொல்லியிருக்கறேன்.” பிறகு என்னைப் பார்த்து, “எல்லாப் பொம்பளைங்களும் போனாங்க கண்ணு. நான் மட்டும் போகலீன்னா ஏன் போகலைன்னு பேச்சு வரும்,” என்றாள்.

அவர் நகர்த்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்றவன் இல்லீங்க. கல்யாண ஊட்டுல எத்தனையோ பார்த்திருக்கறேன், வெளிய வந்ததில்ல. பாப்பா கல்யாணத்துக்குத்தான் சேலத்து ஆளச் சொல்லிட்டதாக் கேள்விப்பட்டேன்.”

பாவாயி ஒரு டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“அந்தச் சேலத்தான் எடுத்தா பொண்ணு மூஞ்சி மாவு அப்புன மாதிரி இருக்குமாமா. வேண்டாமுன்னு நானே சொல்லிட்டுத்தான் இருக்கறேன். நகத்துங்க.”

நகர்த்தினார். மாதேஸ்வரன் திரும்பி வந்தபோது திரையில் வேட்பாளர் மைக்கைப் பிடித்துச் சாலை வசதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“என்ன, நாற்காலி எண்ணியாச்சா?” என்றார் மாதேஸ்வரன்.

“எண்ணி நீங்க என்ன எம்.எல்.ஏ. ஆகப் போறீங்களா?” என்றாள் பாவாயி. “கூட்டம் போட்டவன் ஜெயிச்சுக் கணக்கும் குடுத்துட்டான். நீங்க தோத்துப்போட்டு, வந்த மனுசன நிக்க வெச்சுப் படம் பாக்கறீங்க. மாதா மேலயே சொல்லிட்டாரில்ல? பாப்பா கல்யாணத்துக்கு இவரே வரட்டும்.”

மாதேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். லூர்துராஜ் அண்ணனைப் பார்த்தார். கடைசியில், ஏதாவது தெரிந்தால் என் முகத்தில்தான் தெரியும் என்பது போல என்னைப் பார்த்தார். நான் காபியைக் குடித்தேன். ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று கேட்க முடியாத மாதிரி அவர் வீட்டு ஆளே குறுக்கே நின்றாள். டிவியை அணைக்கச் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையே வந்துவிட வேண்டும் என்று லூர்துராஜ் அண்ணனிடம் சொன்னார். அப்போதும் உட்காரச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில், முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் கேட்டேன். பாவாயி அதில் இருப்பது முன்னமே தெரியுமா?

“மொகம் எனக்கு மறக்காது கண்ணு,” என்றார். அது பதிலா இல்லையா என்று தெரியவில்லை. தெரிந்துதான் என்னைக் கூட்டிப் போனாரா, போன் வந்திருக்காவிட்டால் என்ன செய்திருப்பார் என்று அடுத்தடுத்துக் கேட்க இருந்தேன். எதிரே பஸ் வந்தது. ஓரமாக நிறுத்தி வழிவிட்டார். வழிவிட்ட பிறகு மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நான் தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதி வைத்திருந்தேன். அந்தக் குரல் கேட்ட நேரத்தைக் குறித்து, எந்த நிமிஷத்தில் கேமரா எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதியிருந்தேன். கூடவே படத்தின் பிரதி வேண்டும். மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டபோது, ஆவணி முடியட்டும் என்றார். அதில் பாவாயி இருக்கிறாள், பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும். நியாயமாகத்தான் பட்டது. ஆவணி முடிந்தது. கல்யாணத்தை மிக அழகாக எடுத்திருந்தார். விலகிப் போன இரண்டு வீடுகளும் திரும்பி வந்தன. மறுபடி கேட்டேன். கல்யாணப் படத்துக்கு ஹார்ட் டிஸ்கில் இடம் பற்றவில்லை, அந்தப் பழையதை அழித்துவிட்டேன் என்றார். அலுவலகத்தில் கொடுத்த கார்டு இருக்குமே என்றேன். இருக்கும் கண்ணு, கேட்டுப் பார் என்றார்.

கேட்டுப் பார்க்கப் போனேன். கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்றார்கள். பதிவேட்டில் நூற்றைம்பது நாற்காலி, கணக்கிலும் நூற்றைம்பது. ஆரத்தித் தட்டில் விழுந்த நோட்டு இரண்டிலும் இல்லை. படம் பார்த்துக் குறித்தவர் அதைச் செலவாகப் பார்க்கவில்லையோ, பார்த்தும் விட்டுவிட்டாரோ. இரண்டும் ஒத்துப்போகும்போது புகார் எதன் மேல் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகவே கேட்டார்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் லூர்துராஜ் அண்ணன் வழியில் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்தினார். சந்தோஷமாக இருந்தார். உள்ளாட்சித் தேர்தலுக்கும் அவரையே கேமராவோடு வரச் சொல்லி இப்போதே போன் வந்திருக்கிறது.

“அங்க எனக்கு நல்ல பேரு கண்ணு,” என்றார். “பதினெட்டு நாள் எடுத்திருக்கறேன், ஒரு கூட்டத்துலகூட வேட்பாளர் கணக்குக்கும் எம்படத்துக்கும் வித்தியாசம் வரலையாமா.”