உளுந்து விதையும் இரண்டு மருந்தும்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம். போன வருஷம் தை மாதம் சம்பா அறுத்த அலுப்பு தீருவதற்குள் உளுந்து விதைக்க வேண்டியிருந்தது. அடுத்த நெல் வரை அதுதான் எங்களுக்கு வரும்படி.

வேளாண் அலுவலகத்தில் ரைசோபியம் பொட்டலம் ஒன்று கொடுத்தார்கள். வேரில் முடிச்சு வைத்துச் செடிக்குச் சத்து சேர்க்கும் பாக்டீரியாவாம். வேரழுகலுக்கான பூஞ்சாணக்கொல்லித் தூளும் வீட்டில் இருந்தது. எதை முதலில் கலப்பது என்று கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன்.

"எல்லாம் மருந்துதான? ஒண்ணா கொட்டிக் கலக்கு. இன்னாத்துக்கு ரெண்டு வேலை?" என்றார் கணவர். எனக்கும் இடுப்பு வலி. அப்படியே கலந்து விதைத்தோம்.

ஒரு மாதத்தில் பயிர் வெளிறிப்போனது. பக்கத்து நிலத்துக் கன்னியம்மா அக்கா ஒரு செடியைப் பிடுங்கினார். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை.

"ஏம்மே, அது மருந்து இல்ல, உசுரு. வெஷத்தோட ஒரே தட்டுல குந்த வச்சா எப்டிப் பொயக்கும்?" என்றார்.

அந்த முறை கிடைத்த உளுந்து வீட்டுக்கே போதவில்லை.

இந்த முறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பூஞ்சாணக்கொல்லியை முதல் நாளே விதையில் கலந்து வைத்தேன். மறுநாள் ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் கரைத்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி விதைத்தேன். ஒரு நாள் வேலை கூடத்தான் ஆகிறது.

நேற்று ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளினேன். உள்ளே சிவப்பாக இருந்தது; அப்படியிருந்தால் பாக்டீரியா உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தமாம். செடியைக் கையோடு எடுத்துக்கொண்டு கன்னியம்மா அக்காவிடம் காட்டப் போனேன்.