ஸ்டெல்லாவின் லீவு

பூதப்பாண்டியில் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா கடலோர இனயம் ஊரில் தன் அண்ணன் வீட்டு அடுப்படியில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். குவைத்தில் நானும் அவளும் ஒரே வார்டில் நர்ஸ்கள். ஒன்றாகத்தான் லீவில் வந்திருந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, இன்னும் அடங்கவில்லை.

அவளோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் புறப்படும்போது பெட்டியில் முதலில் ஓவியப் புத்தகங்களை வைப்பாள். அண்ணன் பிள்ளைகளுக்கான சாக்லேட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். "ஏட்டி, இந்த ஒரு மாசம் படம் பாப்பேன், படம் வரைவேன். வேற ஒரு வேல செய்யமாட்டேன்" என்பாள். ஒவ்வொரு தடவையும் சமைத்தாள், அண்ணனின் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், யார் யார் கல்யாணத்துக்கோ பலகாரம் சுட்டாள். அவள் உயிராக வைத்திருந்த ஒரு புத்தகத்தை, பூனை திறக்காமலிருக்கக் கருவாட்டுக் கூடையின் மூடிமேல் வைத்திருந்தார்கள். "நல்ல கனமா இரிக்குல்லா" என்று அண்ணி சிரித்தாராம். இவளும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

இந்தத் தடவை நான் பிடிவாதமாக அவளை, கல்லில் சிலை செதுக்கும் மயிலாடிக்கு அழைத்துப்போனேன். சிற்பக்கூடத்தில், மூக்கு மட்டும் வந்திருந்த ஒரு கருங்கல் அம்மன் முன்னால் உட்கார்ந்து வரையத் தொடங்கினாள். "முடிஞ்ச செலையில என்ன இருக்கு மக்கா? பாதியில நிக்கியதுலதான் உளி போன வழி தெரியும்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை வார்டில் நான் பார்த்ததில்லை. அதற்குள் அண்ணனின் போன். "நாளைக்கு மகளப் பொண்ணு பாக்க ஆளு வருது. நீ அங்க கல்லப் பாத்துட்டு இரிக்கியா?"

போகாதே என்றேன். "போவலன்னா லீவு முடியுறது வர மொகத்தத் தூக்கி வச்சிருப்பாவ" என்று சொல்லிப் பஸ் ஏறினாள். மறுநாள் அந்த விருந்துக்குச் சமைக்கும்போதுதான் விழுந்தாள்.

ஏழாம் நாள் பூசை முடிந்து சர்ச் முற்றத்தில் அண்ணன் பேசினார். "லீவுல வந்தாலும் அவ சும்மா இருக்கமாட்டா. எங்களுக்காவே வாழ்ந்தா." அவருக்குப் பின்னால் 'தியாகச் சுடர்' என்று பேனர். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, சும்மா இருக்க விட்டியளா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"இங்க வச்சா இப்படிப் பேசுவாவ?" என்று ஒரு பெண் என் கையைப் பிடித்து இழுத்தார். வேறு எங்கே வைத்துப் பேசுவது? தியாகமாம். அவளாகக் கொடுத்தது எதுவுமில்லை, எல்லாம் பிடுங்கியது.

அவள் ஒருநாளும் காட்டாத கோபத்தை நான் வைத்திருக்கிறேன். அடுத்த லீவுக்கு வரும் தேதியை என் வீட்டில் சொல்லமாட்டேன். விமானத்திலிருந்து இறங்கி நேரே மயிலாடிக்குப் போவேன். எனக்கு வரையத் தெரியாது. இருந்தாலும் போனை அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு கல்லின் முன்னால் அன்று பகல் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.